நடுவில் ஒரு சுவர்: டெராஃபார்ம் ப்ளக்இன்களின் கதை

2023 ஆகஸ்ட் 10 அன்று ஹாஷிகார்ப் நிறுவனம் தன் மென்பொருட்களின் லைசென்ஸை மாற்றியது. அதுவரை எம்பிஎல் 2.0 என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்த டெராஃபார்ம், பிஎஸ்எல் 1.1 என்ற உரிமத்துக்குப் போனது. சோர்ஸைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் அதை வைத்து ஹாஷிகார்ப்புக்குப் போட்டியாக வியாபாரம் செய்யக் கூடாது. இதை ஏற்காதவர்கள் பழைய உரிமத்தில் இருந்த சோர்ஸை எடுத்து ஓப்பன்டோஃபு என்று தனியாகப் பிரிந்தார்கள். செப்டம்பரில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. 2024 ஜனவரியில் 1.6 பதிப்பு வெளியே வந்துவிட்டது.

ஐந்து மாதம்தான்! எப்படி முடிந்தது? கோர் சோர்ஸைக் காப்பி எடுத்தால் பாதிக் கதைதான். ஏன்னா, கோர் மட்டும் இருந்தால் ஒரு சர்வரைக்கூட உருவாக்க முடியாது. உண்மையான வேலையைச் செய்வது ப்ளக்இன்கள். அவை எப்படித் தப்பின என்று பார்க்க, பத்து வருஷம் பின்னால் போகணும்.

முதலில், தெரியாதவர்களுக்காக: சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் இதையெல்லாம் திரையில் கிளிக் பண்ணி உருவாக்காமல், ‘எனக்கு இன்னின்னது வேண்டும்’ என்று ஒரு ஃபைலில் எழுதி வைப்பதுதான் இந்த முறை. இருப்பதையும் கேட்டதையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் டெராஃபார்ம் செய்து முடிக்கும். அமேசான் 2011இல் க்ளவுட்ஃபார்மேஷனைக் கொண்டுவந்தது; அது அமேசானுக்கு மட்டும். எல்லா க்ளவுடுக்கும் ஒரே கருவி என்ற எண்ணத்தில் 2014 ஜூலையில் டெராஃபார்ம் 0.1 வந்தது.

எல்லா க்ளவுடையும் கோருக்கே கற்றுக்கொடுப்பது நடக்காத காரியம். எனவே ஒவ்வொரு க்ளவுடுக்கும் ‘ப்ரொவைடர்’ என்று ஒரு ப்ளக்இன். இங்கேதான் ஒரு சிக்கல். டெராஃபார்ம் எழுதப்பட்டது கோ மொழியில். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் ப்ளக்இன் ஏற்றும் வசதி கோ மொழியில் அப்போது கிடையாது. 2017இல் 1.8 பதிப்பில்தான் வந்தது, அதுவும் லினக்ஸுக்கு மட்டும். ஹாஷிகார்ப் இதற்குத் தன் பழைய கருவியான பேக்கரிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. ப்ளக்இன் என்பது ஒரு தனி புரோகிராம். கோர் அதைத் தனி ப்ராசஸாக எழுப்பும். ப்ளக்இன் ‘நான் இந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி அச்சிடும். பிறகு இரண்டும் ஆர்பிசி மூலம் பேசிக்கொள்ளும். நீங்களே ஒரு ப்ரொவைடரை நேரடியாக ஓட்டிப் பாருங்க. இது ப்ளக்இன், தனியாக ஓட்டுவதற்கல்ல என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

வேறு வழியில்லாமல் எழுப்பிய சுவர் இது. ஆனால் அந்தச் சுவரால் ப்ரொவைடர் எழுதுவது எளிதானது. கோரின் உள்விவகாரம் எதுவும் தெரிய வேண்டாம். உருவாக்கு, படி, மாற்று, அழி என்று நான்கு வேலைகளைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆபீஸில் ஐபி முகவரிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பழைய சிஸ்டத்துக்கு நான் ஒரு சின்ன ப்ரொவைடர் எழுதினேன். நான்கில் கவனம் தேவைப்படுவது ‘உருவாக்கு’ என்றுதான் யாரும் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் ‘படி’தான். யாராவது ஒரு முகவரியைக் கையால் அழித்துவிட்டால், ‘படி’ அதைப் பிழை என்று கத்தக் கூடாது; ‘அது இப்போது இல்லை’ என்று அமைதியாகச் சொல்லணும். அப்போதுதான் கோர் ‘சரி, மறுபடி உருவாக்கலாம்’ என்று திட்டம் போடும். பிழை என்று சொன்னால் அந்தத் திட்டமே நின்றுபோகும்.

சுவர் ஒரு தடவை மறைந்துபோன மாதிரி இருந்தது. 2016இல் 0.7 பதிப்பில், ஹாஷிகார்ப் வெளியிட்ட ப்ரொவைடர்கள் எல்லாம் ஒரே பைனரிக்குள் வந்தன. ஆனால் ஓடும்போது அதே பைனரி தன்னையே இன்னொரு ப்ராசஸாக எழுப்பிக்கொண்டது. சுவர் உள்ளே அப்படியே இருந்தது. ஒரு ப்ரொவைடரில் சின்னத் திருத்தம் என்றாலும் மொத்த டெராஃபார்மும் வெளிவரக் காத்திருக்கணும் என்ற நிலை. எனவே 2017இல் 0.10 பதிப்பில் ப்ரொவைடர்கள் தனித்தனி ரெபாசிட்டரிகளாகப் பிரிந்தன. 2023இல் கோரின் உரிமம் மாறியபோது, ஹாஷிகார்ப் தானே பராமரிக்கும் ப்ரொவைடர்கள்கூட எம்பிஎல்லிலேயே இருந்தன. மற்றவர்கள் எழுதியவை அவரவர் உரிமத்தில். அதே நெறிமுறையில் பேசத் தெரிந்த எந்தக் கோரும் அவற்றை எழுப்பலாம். ஓப்பன்டோஃபு அதைத்தான் செய்தது.

ஆனால் சுவர் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. 2020இல் 0.13 பதிப்பிலிருந்து, யார் எழுதிய ப்ரொவைடரையும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து தானாகவே இறக்கும் வசதி வந்தது. அதற்கு முன் மற்றவர்கள் எழுதிய ப்ரொவைடரை நாமே ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்கணும். எல்லாருக்கும் வசதிதான். ஆனால் அந்த ரெஜிஸ்ட்ரி ஹாஷிகார்ப்பினுடையது. உரிமம் மாறிய அதே மாதம் அதன் பயன்பாட்டு விதியும் மாறியது: ஹாஷிகார்ப் டெராஃபார்முடன் மட்டுமே பயன்படுத்தலாம். ப்ளக்இன் சுதந்திரமாக இருக்கிறது, அதை எடுக்கப் போகும் கதவு பூட்டியிருக்கிறது! ஓப்பன்டோஃபுகாரர்கள் தனி ரெஜிஸ்ட்ரி கட்ட வேண்டியதாயிற்று. இங்கே ஒரு சின்ன விஷயம் கைகொடுத்தது. ஃபைல்களில் பெரும்பாலும் ப்ரொவைடரின் பெயரை மட்டும் எழுதுவோம். ரெஜிஸ்ட்ரியின் முகவரியை எழுதுவதில்லை. விட்ட இடத்தை அந்தந்தக் கருவி தன் சொந்த ரெஜிஸ்ட்ரியால் நிரப்பிக்கொள்ளும். அதனால் அந்த வரிகளை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் ஒரு கருவிக்கு ப்ளக்இன் எழுதப் போகிறீர்கள் என்றால் அதன் உரிமத்தைப் பார்ப்பீர்கள். கூடவே இரண்டைப் பாருங்க. உங்கள் ப்ளக்இன் கோருக்குள் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா, தனியாக நின்று பேசுகிறதா? அது பயனரைச் சென்றடையும் வழி யார் கையில்? டெராஃபார்மிலேயே ‘ப்ரொவைடர்ஸ் மிரர்’ என்று ஒரு கட்டளை உண்டு. உங்களுக்குத் தேவையான ப்ரொவைடர்களையெல்லாம் உங்கள் ஃபோல்டருக்கே இறக்கித் தரும். இந்த வாரம் ஒரு தடவை ஓட்டி, பத்திரமாக எடுத்து வையுங்க.