மூன்று கழித்தல்கள் பிறந்த கதை

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்று ஓர் ஊர். அங்கே குடிநீர் விநியோகம் ஒரு தனியார் கம்பெனியின் கையில் இருந்தது. 1901இல் நகராட்சி திடீரென்று தண்ணீர்க் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. எங்கள் சொத்தின் மதிப்புக்கு இந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது என்று கம்பெனி கோர்ட் படியேறியது. சொத்தின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டபோதுதான் வேடிக்கை ஆரம்பமானது.

கம்பெனியே தன் தேய்மானத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தது. அடியோடு அழிந்துபோன பாகங்கள் ஒரு பக்கம். பழசாகியும் உழைத்துக்கொண்டிருந்தவை இன்னொரு பக்கம். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. கழித்த இரண்டையும் திரும்பச் சொத்து மதிப்பில் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று வாதாடியது! மக்கிப்போன குழாய்க்கும் ஊரார் லாபம் தர வேண்டுமாம். அந்தக் கணக்கைக் கீழ்க்கோர்ட் ஏற்கவில்லை. ஆனாலும் உச்சவரம்பை ரத்து செய்து கம்பெனியைக் கரையேற்றியது. நகராட்சி விடவில்லை. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது.

1909 ஜனவரி 4. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் மூடி தீர்ப்பை எழுதியிருந்தார். ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே எந்திரம் தேயத் தொடங்குகிறது. புதிதாகக் கட்ட ஆகும் செலவிலிருந்து வயதும் உபயோகமும் தின்றதைக் கழித்தே தீர வேண்டும். கம்பெனி தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில் அதற்கு ஒரு ஆறுதல் பரிசும் இருந்தது: தேய்ந்ததை மாற்றுவதற்கான பணத்தைக் கட்டணத்திலேயே வசூலித்துக்கொள்ளலாம், லாபக் கணக்கு அதற்குப் பிறகுதான். வயதும் உபயோகமும்தான் மதிப்பைத் தின்னும் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். அந்த நிம்மதி அடுத்த ஆண்டே கலைந்தது.

நியூயார்க், வால் ஸ்ட்ரீட் முனை. 1897இல் அங்கே எழுந்தது கில்லெண்டர் கட்டடம். உயரம் 273 அடி. வால் ஸ்ட்ரீட் பக்கம் அகலமோ வெறும் 26 அடி. எஃகுச் சட்டகம், தீப்பிடிக்காத கட்டுமானம், எல்லாம் அன்றைய முதல் தரம். ஆனால் அந்த ஒல்லி உடம்பில் லிஃப்டும் மாடிப்படியும் போக வாடகைக்கு விட மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். 1910 ஏப்ரலில் இடிக்கத் தொடங்கி ஜூனுக்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பதின்மூன்றே வயது. மனையின் விலை எங்கோ ஏறியிருந்தது. அதற்கு ஈடாகச் சம்பாதிக்க இந்தக் கட்டடத்தால் முடியவில்லை. அங்கே பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியின் கோபுரம் வந்தது. கல்லும் இரும்பும் திடமாக இருக்கும்போதே ஒரு கட்டடம் செத்துப்போகுமா?

போகும் என்றார் ரெஜினால்ட் பெல்ஹாம் போல்டன் என்பவர். 1911இல் வெளிவந்த அவருடைய புத்தகம், சுவர் நிற்கும் காலம் வேறு, அது சம்பாதிக்கும் காலம் வேறு என்று பிரித்துக் காட்டியது. 1918ஆம் ஆண்டு வரிச் சட்டம் தேய்மானத்தோடு வழக்கொழிந்து போவதையும் கழிவாக ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டு கழித்தல்களும் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே நடந்தவை. மூன்றாவது சுவரைத் தாண்டி வந்தது.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஜப்திக்கு வந்தன. திடமான வீடு, வசதியான அறைகள், ஆனாலும் வாங்க ஆளில்லை. குறை வீட்டில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது என்று மதிப்பீட்டாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். கடனில் தவித்தவர்களைக் காப்பாற்ற 1933இல் தொடங்கிய அரசு நிறுவனம் ஊர் ஊராக வரைபடம் போட்டது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், சரிவதற்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பில் விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் தோல் நிறம் விலைக் கணக்குக்குள் புகுந்துகொண்டது. அதை வெளியேற்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1968இல் வீட்டு விற்பனையிலும் கடனிலும் பாகுபாடு சட்டவிரோதமானது. அப்படியும் மதிப்பீட்டாளர் சங்கத்தின் பாடங்களில் பழைய நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்க நீதித்துறையே சங்கத்தின் மீது வழக்குப் போட்டு, 1977இல் சமரசம் ஏற்பட்டது. இனத்தை வைத்து மதிப்பைக் குறைக்கும் பாடத்தைச் சங்கம் கைவிட்டது. கழித்தல் மட்டும் நிலைத்தது. அதில் ஆலைப் புகை, நெடுஞ்சாலை இரைச்சல், மூடிய தொழிற்சாலை என்று வேறு காரணங்கள் மிஞ்சின.

கட்டடத்தின் விலையைச் செலவுக் கணக்கில் போடும் மதிப்பீட்டு அறிக்கையில் இன்று அமைதியாக உட்கார்ந்திருப்பவை இந்த மூன்றும்தான்: பௌதிகத் தேய்மானம், பயன்பாட்டுத் தேய்மானம், புறக்காரணத் தேய்மானம். ஒழுகும் கூரையை மாற்றினால் முதலாவது குறையும். அறையை மாற்றிக் கட்டினால் இரண்டாவதும் ஓரளவு குறையலாம். மூன்றாவதை மட்டும் தன் காம்பவுண்டுக்குள் நின்றுகொண்டு எந்த வீட்டுக்காரராலும் சரிசெய்ய முடிவதில்லை.