எழும்பூர் மணலும் தண்டலத்து ஸ்கில் லேபும்

செவிலியர் கல்வியில் மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதை ஐயுறுவோர் காட்டக்கூடிய மூலம், ஆண்ட்ரூ பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட, மாணவரே கற்பித்த சென்னைப் பள்ளி பற்றிய அறிக்கை. ஆசிரியர் பஞ்சத்துக்கு மலிவான மாற்றாகப் பிறந்த முறை அது. மனப்பாடத்துக்கு உதவும், நோயாளியின் உடலைத் தொடும் தொழிலுக்கு ஆகாது என்று அவர்கள் வாதிடலாம். அறிக்கையை நிதானமாகப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது.

பெல் 1789இல் எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கே துணையாசிரியர்கள் இருந்தார்கள். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டவர், தம் விடுதியின் தொடக்க வகுப்பிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. அதன் பிறகே அந்த வகுப்பு ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவன் கைக்குப் போனது. அவன் செய்துகாட்டினான். ஆள் இல்லாததால் அல்ல, ஆள் இருந்தும் இசையாததால்தான் பெல் சிறுவனை நாடினார்.

இது பெல்லின் சொந்தச் சாட்சியம். தம் முறையைப் பரப்பவே எழுதியவர். வெற்றி பற்றிய அவர் கூற்றுகளில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் சிறுவனிடம் ஒப்படைத்தது எது என்ற விவரம் எஞ்சும்: அது பாடமல்ல, கைப்பழக்கம். மணலில் பிழை அக்கணமே தெரியும். அழித்துத் திரும்ப எழுதலாம். விரல் எங்கே சறுக்கும் என்பது அண்மையில் கற்றவனுக்கு நினைவிருக்கும். பழகித் தேர்ந்த கை அதை மறந்திருக்கும். பொருளாதாரத்தை மட்டும் பார்த்தால் இந்த இடம் கண்ணில் படாது.

மணலின் இந்த இயல்பு செவிலியர் பயிற்சியின் சில வேலைகளிலும் உண்டு.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் மருத்துவமனையோடு சேர்ந்தே சவீதா செவிலியர் கல்லூரி இருக்கிறது. ஆலைகள் நெருங்கிய பகுதி. இயந்திரத்தில் நசுங்கிய விரலுக்குக் கட்டு மாற்றும் கை, வார்டுக்குள் நுழையும் முன்பே பழகியிருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டமும் ஸ்கில் லேபில் பொம்மையில் செய்யும் பயிற்சிக்கு இடம் தருகிறது. கிருமி நீக்கிய கையுறையை மாட்டும்போது விரல் வெளிப்புறத்தைத் தொட்டால் பிழை கண்ணெதிரே தெரியும். கழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சீனியர் அக்கா கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பிபி பார்ப்பதும் ஏறக்குறைய அப்படியே; ஒரே கையில் கற்பவரும் கற்பிப்பவரும் அளந்து ஒப்பிடலாம்.

இறங்கும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எப்போது மருத்துவரை அழைப்பது, இன்சுலின் அளவு சரியா என்பவை அப்படிப்பட்டவை அல்ல. அங்கே பிழை உடனே தெரியாது. தெரியும்போது நோயாளிக்குச் சேதம் நேர்ந்திருக்கும். அவற்றை மாணவரிடம் விடக்கூடாது.

தவறான பழக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் டண்டியில் மருத்துவக் கல்வியாளர் ஹார்டனின் குழு 1975இல் வெளியிட்ட தேர்வுமுறை, மருத்துவத் திறனை நிலையம் நிலையமாகப் பிரித்துச் சரிபார்ப்புப் பட்டியல் வைத்து மதிப்பிடுகிறது. அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாமாண்டு மாணவி இரு ஜூனியர்களுக்குக் கற்பிக்கட்டும். வார்டுக்கு அனுப்பும் கையெழுத்து மட்டும் ஆசிரியருடையதாக இருக்கட்டும்.