மீன்பிடி உரிமத்தின் வாரிசுரிமை (அலாஸ்கா)
அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1973-இல் இயற்றிய சட்டப்படி, வணிக மீன்பிடி உரிமம் என்பது சட்டமன்றம் ஈடு தராமலே திரும்பப் பெறக்கூடிய பயன்பாட்டுச் சலுகை மட்டுமே. ஆயினும் உரிமதாரர் இறந்தால், உயில் வேறு விதமாகச் சொல்லாத வரையில், அது வாழ்க்கைத் துணைக்கு நேரடியாகச் சேர்கிறது. துணை இல்லையேல் இறந்தவர் உரிமங்களை வழங்கும் ஆணையத்தின் படிவத்தில் முன்பே குறித்தவருக்கு. அப்படி எவரும் இல்லையேல் மற்ற உடைமைகளோடு வாரிசுகளுக்கு. பொதுக் கடலின் மீனுக்கு உறவு எப்படித் தகுதியாகும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் படகும் வலையும் கரையில் கிடக்க உரிமம் மட்டும் பறிபோனால், குடும்பத்துக்கு மிஞ்சுவது கடன்தான். பெரிய கேடு வாரிசுரிமையில் அல்ல, உரிமத்தை விற்பதில் இருக்கிறது: அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவின் பழங்குடி ஊர்கள் விற்பனையாலும் இடப்பெயர்வாலும் ஏராளமான உரிமங்களை இழந்துள்ளன. திருத்தம் தேவைப்படுவது விற்பனை விதிக்கே.