டேப்பில் இருக்கும் மௌனம்

என் வேலையில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதும். அழகுபடுத்தினால் அதற்கு மதிப்பே போச்சு. 1998 ஆகஸ்ட் இறுதியில், மைக்ரோசாஃப்டுக்கு எதிரான அமெரிக்க அரசின் வழக்கில் பில் கேட்ஸ் அளித்த வாக்குமூல வீடியோவைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் கேட்கிறார். கேட்ஸ் உடலை முன்னும் பின்னும் ஆட்டுகிறார், சாதாரணச் சொல்லுக்கும் பொருள் கேட்கிறார், நெடுநேரம் பேசாமலிருக்கிறார். எழுத்துப் பிரதியில் கேள்விக்கு அடுத்த வரியே பதில். இடையில் கழிந்த நேரம் காணாமல் போய்விடும். டேப்பில் அது இருக்கிறது. நீதிமன்றத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது நீதிபதி ஜாக்ஸனே சிரித்துவிட்டார்.

அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 30, 1993இல் திருத்தப்பட்டது. அதன் பிறகுதான் நீதிமன்ற உத்தரவோ இருதரப்பு ஒப்புதலோ இல்லாமலே இப்படி வீடியோ எடுக்க வழி பிறந்தது. கூடவே ஒரு கட்டுப்பாடு: பதிவு உத்திகளால் சாட்சியின் தோற்றத்தையோ நடத்தையையோ திரிக்கக் கூடாது. ஒவ்வொரு புது டேப்பிலும் தேதி, நேரம், இடத்தை மறுபடி சொல்லியாக வேண்டும்.

கல்யாண வீடியோக்காரரின் வித்தையெல்லாம் இங்கே தப்பு. முகத்தை ஸூம் செய்தால் வெறும் வியர்வைகூடக் குற்றமாகத் தெரியும். எதிரே இருப்பவர் உலகின் பெரும் பணக்காரர் என்றாலும், கூலி கொடுப்பவர் அவருடைய எதிர்த்தரப்பு என்றாலும், ஃப்ரேம் அசையக் கூடாது.