பழைய உடுப்பில் விஷம்: உடுத்தியவருக்கா, செய்தவருக்கா?

பழைய உடுப்புகளைத் தேடிப்பிடித்து உடுத்துவது இப்போது உலகம் முழுக்க ஒரு மோகம். 1950களின் கவுன், 1970களின் சட்டை, நூறு வயதான தொப்பி என எல்லாவற்றுக்கும் சந்தை இருக்கிறது. கூடவே ஒரு பயமும் உண்டு. அந்தக் காலத்துத் துணியில் ஆர்சனிக் இருந்ததாமே, போட்டால் ஏதாவது ஆகிவிடுமா?

பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனா துணியில் விஷம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது துணியை விட்டு வெளியே வருகிறதா, வந்தால் யாருடைய உடம்புக்குள் போகிறது என்பது மீதிப் பாதி. வரலாற்றைப் புரட்டினால் அந்த மீதிப் பாதிதான் முக்கியம் என்று தெரிகிறது.

உதிர்ந்த பச்சை

1775-ல் ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். 1814-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதைவிடப் பளிச்சென்ற இன்னொன்று வந்தது. எமரால்டு பச்சை என்று பெயர். அதுவரை துணிக்குப் பச்சை வேண்டுமென்றால் நீலத்தையும் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். இது சுலபம், கண்ணைப் பறிக்கும். சுவர்க் காகிதம், பொம்மை, காகிதப் பூ, நடன உடை என்று எல்லாவற்றிலும் ஏறியது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம். இது இழைக்குள் ஊறிப் பிணைகிற சாயம் அல்ல, வெறும் பொடி. மெல்லிய துணியிலும் செயற்கை இலைகளிலும் கஞ்சியோ பசையோ கலந்து மேலே ஒட்டவைத்தார்கள். காய்ந்த பிறகு அசைந்தால் உதிரும்.

1861 நவம்பர் 20 அன்று லண்டனில் மாடில்டா ஷோய்ரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளின் மேல் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. கடைசி நாட்களில் அவளுடைய கண்ணின் வெள்ளைப் பகுதியே பச்சையாகிவிட்டது. பார்க்கிறதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் சொன்னாள். மகளிர் சுகாதாரச் சங்கம் ஒன்று, பெண்கள் தலையில் சூடும் அந்த இலைகளைச் சோதித்துத் தரும்படி வேதியியலாளர் ஹோஃப்மனைக் கேட்டது. அவருடைய முடிவு 1862 பிப்ரவரியில் டைம்ஸ் இதழில் வந்தது. ஒரு தலை அலங்காரத்தில் இருக்கும் ஆர்சனிக் 20 பேரைக் கொல்லப் போதும். ஒரு பச்சை நடன உடையிலிருந்து ஒரே மாலையில் 60 கிரெயின் எடை, அதாவது சுமார் 4 கிராம் பொடி உதிரும் என்று ஒரு பெர்லின் மருத்துவரின் கணக்கையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அதே மாதம் பஞ்ச் இதழ் ஒரு கேலிச்சித்திரம் போட்டது. எலும்புக்கூடு ஒன்று இன்னொரு எலும்புக்கூட்டுப் பெண்ணை நடனத்துக்கு அழைக்கிறது. கவனித்துப் பாருங்கள்: செத்தது பட்டறையில் பொடி தூவியவள், படத்தில் இருப்பது நடன அரங்கில் உடுத்தியவள். உடுத்தியவர்களுக்குச் சொறியும் கொப்புளமும் வந்தன. ஒரு மாலை நடனத்தில் உதிர்வதும், தினமும் மணிக்கணக்கில் அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் ஒன்றல்லவே.

தொப்பியிலும் இதே கதைதான். முயல் ரோமத்தைக் கம்பளிபோல் இறுகவைக்கப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுங்கும், புத்தி தடுமாறும். அமெரிக்காவின் டான்பரி நகரம் தொப்பிக்குப் பேர் போனது. அந்த நடுக்கத்துக்கும் ஊர் பெயரே வந்தது, டான்பரி நடுக்கம். அங்கே 1941-ல்தான் பாதரசம் தொப்பித் தொழிலை விட்டுப் போனது. போட்டுக்கொண்ட கனவானுக்கும் ரோமத்துக்கும் நடுவே ஓர் உள்துணி இருந்தது. செய்தவனுக்கு எதுவும் இல்லை.

உடுத்தியவரைத் தொடும் ஆபத்து

அப்படியானால் உடுத்தியவருக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அதில் முதலாவது விஷம் அல்ல, நெருப்பு. மாடில்டா இறந்த அதே 1861-ல், ஜூலை மாதம், கவிஞர் லாங்ஃபெல்லோவின் மனைவி ஃபானி உடையில் தீப்பற்றி இறந்தார். அகன்ற பாவாடை, மெல்லிய பருத்தி, வீடெங்கும் மெழுகுவத்தி. 1940களில் அமெரிக்காவில் புசுபுசு ரேயான் ஸ்வெட்டர்கள் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொண்டன. 1953-ல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன் தைத்த உடுப்புகள் எந்தத் தீச்சோதனையும் பார்க்காதவை. சிகரெட்டுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் அவை இன்றும் ஆபத்துதான்.

நெருப்பைத் தடுக்கப் போய் இன்னொரு விஷம் வந்ததும் உண்டு. 1970களில் அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடைகளில் தீ பிடிக்காமலிருக்க ட்ரிஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்து 1977-ல் தடை செய்தார்கள். அந்தக் காலத்துக் குழந்தை உடையை ஆசைக்காக வைத்துக்கொள்ளலாம், குழந்தைக்குப் போட வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து நம் பீரோவிலேயே இருக்கிறது. அந்துருண்டை, சில வீடுகளில் பாச்சா உருண்டை. அதாவது நாப்தலீன். திடத்திலிருந்து நேராக ஆவியாகித் துணியில் ஏறும்; அந்த வாசனைதான் ஆதாரம். பெரியவர்களுக்குத் தலைவலியோடு போகலாம். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அது சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். 1963-ல் கிரேக்க மருத்துவர்கள் இப்படி நாப்தலீனை முகர்ந்து பாதிக்கப்பட்ட 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். சில குழந்தைகள் பிழைக்கவில்லை.

இந்தக் குறைபாடு நம் ஊரிலும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று பழைய வேட்டியில் சுற்றுவதும், பாட்டியின் பழம்புடவையில் தூளி கட்டுவதும் நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், துணி மெத்தென்று இருக்கும். ஆனா அந்தப் புடவை அந்துருண்டையோடு பல வருஷம் பெட்டியில் கிடந்ததா என்று முதலில் கேளுங்கள். காற்றாட நாள்கணக்கில் விரித்துப் போட்டு, நன்றாகத் துவைத்து, வாசனை முழுக்கப் போன பிறகு எடுக்கணும். போகவில்லையா, அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம்.

பழசு போலத் தெரிய

மற்றபடி, துவைத்து வெயிலில் போட்ட பழைய உடுப்பை உடுத்துவதில் பெரிய பயமில்லை. 1900-க்கு முந்தைய பளீர் பச்சையும், பழைய ரோமத் தொப்பியும் விலக்கு. கண்ணால் பார்த்து ஆர்சனிக்கைச் சொல்ல முடியாது. அருங்காட்சியகங்கள் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வைத்துச் சோதிக்கின்றன. அப்படிப்பட்டதை உடுத்தவும் வேண்டாம், உதறவும் வேண்டாம்.

ஆனா மாடில்டாவின் கதை பழங்கதை ஆகிவிடவில்லை. 2000களில் புது ஜீன்ஸைப் பழசுபோல வெளுத்துக் காட்ட, துருக்கியின் சிறு பட்டறைகளில் அதன்மேல் மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சினார்கள். காற்றோட்டமில்லாத அறைகளில் அந்தத் தூசியைச் சுவாசித்த இளைஞர்களுக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. நுரையீரல் இறுகிப்போகும், திரும்பாது. பலர் இறந்தார்கள். 2009-ல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது. ஜீன்ஸை வாங்கிப் போட்டவருக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது.

உண்மையிலேயே பழைய உடுப்பு பெரும்பாலும் பாதுகாப்பானது. அதிலிருந்து உதிர வேண்டியதில் பெரும்பகுதி என்றோ உதிர்ந்துவிட்டது. பழசு போலத் தெரியும் புது உடுப்பைப் பார்த்தால்தான், இதிலிருந்து உதிர்ந்தது யார் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.