பட்டையின் கோணமும் ஒளியின் கணக்கும்

பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், கொஸ்லந்தைக்கு அண்மையில் மலைச்சரிவில் இருக்கிறது மீரியபெத்த தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை அந்த மலை இறங்கியது. லயன் வீடுகள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. மண் சரியக்கூடிய இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்த சரிவு அது. கணக்கு ஏற்கனவே போடப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின்படி குடிமாற்றம்தான் நடக்கவில்லை. சனங்கள் மலைக்குக் கீழேயே இருந்தார்கள்.

அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, நவம்பர் 11ஆம் திகதி, ஜெனீவா நகரில் ஓர் ஏலம் நடந்தது. 'ஆசியாவின் நீல அழகி' என்று பெயர் பெற்ற 392.52 கரட் நீலக்கல் சுமார் 1 கோடி 73 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. 1926இல் இரத்தினபுரி மாவட்டத்தின் பெல்மதுளையில் ஒரு வயலிலிருந்து வந்த கல் அது.

துக்கத்தையும் ஏலத்தையும் ஒரே மூச்சில் சொல்வதா என்று வாசகர் கேட்கலாம். இரண்டுக்கும் மண் ஒன்று. மலைநாட்டின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, சரிந்து, ஆற்றோடு இறங்கிப் பள்ளத்தில் படிவதால்தான் 'இல்லம்' என்று நாம் சொல்லும் மாணிக்கப் படிவு உண்டாகிறது. மீரியபெத்தவுக்குக் கிழக்கே மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவில் கோமேதகமும் நீலமும் அப்படித்தான் கிடைக்கின்றன. ஊவா மலைகளிலிருந்து கதிர்காமத்துக்கு இறங்கும் ஆற்றுக்கே மாணிக்க கங்கை என்றுதான் பெயர். 2012 பெப்ரவரியில் கதிர்காமத்துக்குப் பக்கத்திலே, பாதை போடக் கொண்டுவந்த மண்ணில் நீலக்கற்கள் அகப்பட்டன. ஆற்றில் உருண்டு மழுங்காத, விளிம்பு கூரான படிகங்கள் அவை.

இப்படிக் கிடைத்த கல் எப்படி வெட்டப்பட்டது, அந்த வெட்டைப் பற்றி இன்றைய கணினி என்ன சொல்கிறது, அந்தக் கணினிக் கணக்கின் வேர் எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

பெயர் எழுதாத கைகள்

தமிழ் படித்தவனுக்குக் கல்வெட்டு என்றால் சாசனம். நம்ம வியாபாரிமாருக்குக் 'கல்லு வெட்டுறது' வேறு தொழில். சாசனக் கல்லில் அரசன் பெயரும் கொடையாளி பெயரும் நின்றன. மாணிக்கக் கல்லை வெட்டியவர் தன் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா இந்தத் தொழிலைத் தன் பயண நூலில் விவரிக்கிறார். மக்கள் நிலத்தை வாங்கித் தோண்டுவதையும், கிடைத்த கல்லைத் தேய்ப்பவரிடம் கொடுத்து உள்ளே இருக்கும் மாணிக்கத்தை வெளிக்கொணர்வதையும் சொல்கிறார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் பிரித்துச் சொல்கிறார். 100 பணம் பெறுமதிக்கு எட்டிய கல்லை அரசன் எடுத்துக்கொள்வான் என்பதும் அவர் தரும் தகவல். தேய்த்தவர் பெயர் அங்கேயும் இல்லை.

பின்வந்த நூற்றாண்டுகளில் பேருவளை, காலி, இரத்தினபுரி என்று எமது சமூகம் இந்த வியாபாரத்தில் வேரூன்றியது. காலியில் 1860இல் தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் போன்ற நிறுவனங்களின் பெயர் நிலைத்தது. சீனங்கோட்டைச் சந்தை இன்றும் உலகறிந்த சந்தை. ஆனால் வியாபாரியின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பட்டை தீட்டியவரின் வரலாறு எழுதப்படவில்லை.

அவருடைய கருவி எளிமையானது. சிங்களத்தில் 'ஹனபொருவ' என்பார்கள். நிமிர்ந்து சுழலும் உலோகத் தட்டு. அதைச் சுழற்ற ஒரு வில். ஒரு கை வில்லை இழுக்க, மறு கை கல்லைத் தட்டில் பிடிக்கும். கோணம் காட்டும் அளவுகோல் எதுவும் கிடையாது. கண்ணும் விரலும்தான் கோணமானி.

அந்தக் கைக்கு இரண்டு சட்டம் தெரியும். முதலாவது, எடையைக் காப்பாற்று. கரட் கணக்கில் விலை பேசுகிற சந்தையில் "தூளாப் போனது திரும்பி வருமா?" என்பதுதான் கேள்வி. இரண்டாவது, நிறத்தை அடியில் வை. இலங்கை நீலக்கல்லில் நிறம் பெரும்பாலும் ஒரே சீராகப் பரவியிருக்காது. வெளிறிய கல்லுக்குள் ஒரு சிறு நீலப் பொட்டு மட்டும் இருக்கும். அந்தப் பொட்டு கல்லின் அடிமுனையில் வரும்படி வெட்டினால், மேலிருந்து பார்க்கிறவனுக்கு முழுக்கல்லும் நீலமாகத் தெரியும். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் வெண்மை புலப்படும். ஒளி அடிமுனையைத் தொட்டுத் திரும்பி வருகிறது என்று விளங்காதவன் இதைச் செய்திருக்க முடியாது.

மேற்கத்திய வியாபாரிகள் இதை 'நாட்டு வெட்டு' என்று ஒதுக்கினார்கள். அடி தடித்திருக்கிறது, பட்டைகள் சமச்சீராக இல்லை, நடுவில் ஜன்னல் மாதிரித் துளைத்துத் தெரிகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

பக்தாதிலிருந்து கணினி வரை

11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி மாணிக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் நிறத்தையும் விலையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கற்களின் ஒப்படர்த்தியை அளந்தார். நீலக்கல்லை 100 என்று வைத்து மற்றக் கற்களை அதனோடு ஒப்பிட்டார். கண்ணை ஏமாற்றும் கல் தராசை ஏமாற்றாது என்ற நிலைப்பாடு அது.

அவருக்கு முன்பே, 984ஆம் ஆண்டளவில், பக்தாதில் இப்னு ஸஹ்ல் என்ற அறிஞர் எரிகண்ணாடிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு வளையும் என்ற விதி அதில் வடிவியலாக இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்னெல், டெக்கார்ட் பெயர்களோடு நமது பாடப்புத்தகத்துக்கு வந்த அதே விதிதான். டமஸ்கஸிலும் தெஹ்ரானிலும் சிதறிக் கிடந்த பிரதிகளைச் சேர்த்து ருஷ்தி ராஷித் 1990இல் இதை வெளிக்கொணர்ந்தார்.

பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு இரத்தினக் கல்லின் மினுக்கத்தை அளக்கும் கணினி ஒவ்வொரு கதிருக்கும் முதலில் போடுவது இந்த விதியைத்தான்.

ஏ.எல். பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கு இது கஷ்டமில்லை. நீலக்கல்லின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.76. அதனால் கல்லுக்குள் போன கதிர், உட்பக்கத்தில் ஏறத்தாழ 34.5 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் மோதினால் முழுதாகத் திரும்பும். அதற்குக் குறைந்தால் பெரும்பகுதி வெளியே போய்விடும். வைரத்துக்கு இந்த அவதிக் கோணம் 24.4 பாகைதான். அதனால்தான் வைரம் ஒளியை எளிதில் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கல்லின் அடிப்பட்டை 30 பாகைச் சரிவில் இருந்தால் மேலிருந்து நேராக விழும் கதிர் அப்படியே கீழே ஓடிவிடும். கல்லைச் செய்தித்தாளில் வைத்தால் எழுத்தை வாசிக்கலாம். இதுதான் ஜன்னல். 42 பாகையில் வெட்டினால் கதிர் எதிர்ப்பட்டையில் 54 பாகையில் மோதும். மறுபடி திரும்பி, செங்குத்திலிருந்து 12 பாகை மட்டும் சாய்ந்து மேலே வரும். அது கண்ணுக்கு எட்டும். எடையைக் காப்பாற்ற 55 பாகைக்குத் தடிப்பாக விட்டால், இரண்டாம் மோதல் 15 பாகையாகக் குறையும். ஒளி அங்கே ஒழுகிவிடும். அந்த இடம் மேலிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரியும்.

ஒரு கதிருக்கு இந்தக் கணக்கு சுலபம். எல்லாத் திசையிலிருந்தும் எல்லா நிறத்திலும் வரும் ஒளி, ஐம்பது அறுபது பட்டைகளில் மோதிப் பிரிவதைத் தாளில் போட முடியாது. பெல்ஜிய வைரக் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கையால் கணித்து, வட்ட வைரத்துக்கு அடிக்கோணம் 40.75, மேற்கோணம் 34.5 பாகை என்றார். வைரத் தொழில் அதைப் பல்லாண்டு இலட்சியமாகப் பிடித்துக்கொண்டது. 1970களின் இறுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டொட்சன் கணினி கொண்டு பிரகாசம், மினுக்கம், வண்ணத்தெறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்தார். பிறகு அமெரிக்காவில் ராபர்ட் ஸ்ட்ரிக்லண்ட் எழுதிய ஜெம்கேட் மென்பொருள், கல்லை வெட்டுவதற்கு முன்பே திரையில் வெட்டிப் பார்க்க வழி செய்தது.

அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 1998இல் பிரகாசம் பற்றியும் 2001இல் வண்ணத்தெறிப்பு பற்றியும் தன் கணினி ஆய்வுகளை வெளியிட்டது. முடிவு பலருக்கு அதிர்ச்சி. 'இதுதான் சிறந்த வெட்டு' என்று சொல்ல ஒரேயொரு அளவு கிடையாது. வெவ்வேறு கோணச் சேர்க்கைகள் சமமான ஒளியைத் தருகின்றன. இன்னொன்றும் தெரிய வந்தது: கணக்கு மட்டும் போதாது. அதனால் 2,300க்கு மேற்பட்ட வைரங்களை மனிதக் கண்களுக்குக் காட்டி, 70,000க்கு மேற்பட்ட அவதானிப்புகளைச் சேர்த்த பிறகே 2006இல் வட்ட வைரத்துக்கு ஐந்து தரம் கொண்ட மதிப்பீட்டு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில் கொம்பியூட்டரும் கண்ணிடம்தான் வந்து கேட்டது.

நமக்கு என்ன பாடம்

இனி நாட்டு வெட்டுக்குத் திரும்புவோம். ஜன்னல் விடயத்தில் கணினி நமது கைகளுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறது; அதை மறைக்கத் தேவையில்லை. நிறத்தில் தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. கல் முழுவதும் ஒரே நிறம் என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்குக்கு, அடியில் வைத்த நீலப் பொட்டு தெரியாது. அந்தத் தகவலைக் கல்லைக் கையிலெடுத்தவன்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டும்.

எடை பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 கரட் ஜன்னல் கல்லைத் திரும்ப வெட்டி 4 கரட் ஆக்கினால் ஒரு கரட் தூளாகப் போகும். கரட் விலை 25 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்த இழப்பு இலாபமாக மாறும். ஏறாவிட்டால் பழையவர் சொன்னதுதான் சரி. நம்மிடமிருந்து வாங்கிய கல்லை வெளிநாட்டில் திரும்ப வெட்டி விற்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். வித்தியாசம் அவர்கள் பையில் விழுகிறது.

இது புதிய அனுபவமா? 1970களில் 'கெவுட' என்ற பால்நிறக் கல்லை நம்மவர்கள் பெறுமதியில்லாதது என்று கொட்டி வைத்திருந்தார்கள். தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப்போய் 1,500 பாகைக்கு மேல் சூடாக்கினார்கள். தெளிந்த நீலமாக மாறியது. நாம் விளங்கிக்கொள்வதற்குள் எவ்வளவோ கல் போய்விட்டது.

மார்க்கக் கோணமும் ஒன்றுண்டு. குறையை மறைத்து விற்பது கூடாது, குறை தெரிய வந்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பது வியாபாரச் சட்டத்தில் நாம் படித்தது. கண்ணுக்குத் தெரியும் ஜன்னல் மறைத்த குறையாகாது. ஆனால் ஒளி எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்க முடிகிற காலத்தில், 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எவ்வளவு நாளைக்குச் செல்லும்? சிந்திக்க வேண்டிய கேள்வி.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பழைய நாட்டு வெட்டுக் கற்கள் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வெட்டுவதற்கு முன் கோணங்களை அளந்து, படமெடுத்து, கணினியில் ஏற்றி வைக்கலாம். ஹனபொருவவில் இருந்த மூத்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே, கையை எப்படிப் பிடித்தீர்கள், பொட்டை எப்படித் தேடினீர்கள் என்று கேட்டுப் பெயரோடு எழுதி வைக்கலாம். ஒளிமுறிவுப் பாடத்தைக் கண்ணாடிக் குற்றியோடு நிறுத்தாமல், ஒக்கம்பிட்டியக் கல் ஒன்றோடு பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இப்னு ஸஹ்லின் ஏடு ஆயிரம் ஆண்டு சிதறிக் கிடந்தது. பட்டை தீட்டியவரின் அறிவு ஏட்டில் ஏறவே இல்லை. மீரியபெத்தவின் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும், அதன் பலன் மலைக்குக் கீழே இருந்தவர்களைச் சென்றடையவில்லை. இழப்பின் அளவில் இம்மூன்றையும் ஒப்பிட முடியாது. மண்ணுக்குள் போன உயிருக்கு எந்தக் கல்லும் ஈடல்ல. ஆனால் மூன்றிலும் தவறியது ஒன்றுதான்: அறிவு, அது தேவைப்பட்டவரின் கைக்கு வந்து சேரவில்லை. அதைச் சேர்ப்பிக்கிற வேலை படித்தவர்களாகிய நம்முடையது.