வட்டி நிறைய நெல்

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் பொம்மைகளும் நம் நினைவுக்கு வருகின்றன, மீன் வருவதில்லை. கடலூர்த் துறைமுகம் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆயினும் மீன் வணிகத்தின் வரலாறு இத்தகைய உள்நாட்டு ஊர்களில்தான் துலக்கமாகத் தெரியும் என்று நமக்குத் தோன்றுகிறது. பிடித்த மீன் கெடுவதற்குள் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதே இத்தொழிலின் ஆதாரக் கணக்கு.

ஏரி மீனுக்கு இக்கணக்கு எளிது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடலொன்றில் பாணர் குலப் பெண் வரால் மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறாள். மீன் இருந்த அதே வட்டியை வீட்டுத் தலைவி பழைய நெல்லால் நிரப்பித் தருகிறாள். வட்டி என்றால் அன்று கூடை. காலையில் கடன் வாங்கி மீன் ஏலம் எடுத்து மாலையில் அடைக்கும் இன்றைய மீன்காரப் பெண்ணுக்கு அச்சொல்லின் பொருள் வேறு!

கடல் மீன் உள்நாடு வர உப்பு வேண்டியிருந்தது. ஆங்கிலேயரின் உப்புத் தீர்வை கருவாட்டுத் தொழிலை நெரித்தது. பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட அறிக்கையில் இதை எழுதினார்; உப்பு வாங்க இயலாதவர்கள் உவர்மண்ணைத் தடவி மீனை உலர்த்தினார்கள். 1880களில் சென்னை மாகாணக் கரையெங்கும் தீர்வையற்ற உப்பு தரும் மீன் பதனிடும் கூடங்கள் பரவின. சலுகை உப்பைக் கூடத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. மீன்தான் உப்பைத் தேடிப் போகவேண்டும். அந்தத் தீர்வை 1947இல்தான் ஒழிந்தது.

பிறகு ஐஸ் வந்தது. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தோடு விசைப்படகும் ஐஸும் நம் கரைகளிலும் பெருகின. இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. வஞ்சிரமும் சங்கராவும் பச்சையாகவே உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. ஆனால் கருவாடு பெண்களின் கைவேலை. ஐஸுக்கோ முதல் வேண்டும், லாரி வேண்டும். மீன் கெடுமுன் ஓடி விற்றவளின் வேகத்துக்கு மதிப்புக் குறைந்து, மீனைக் காக்கவைக்க முடிந்தவரின் கை ஓங்கியது.

லாரி இல்லாதவளுக்குப் பேருந்துதான் கதி. அங்கும் கூடையின் வாடை குற்றமாயிற்று. 2021 டிசம்பரில் தென்கோடியில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதியவள் ஒருத்தி நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டாள். முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அப்போது அவள் மீனை விற்று முடித்திருந்தாள்.